ஆமையோட்டு மணிக்கூடு

விலையுயர்ந்த கைக்கடிகாரங்களில் பார்வைக்கு மிகவும் அவலட்சணமானவை எவை என்பது கடிகாரப் பித்தர்களிடையே ஓயாது நடக்கும் வழக்கு. எங்கள் கிழக்கிலங்கை வழக்கில் கடிகாரத்தை மணிக்கூடு என்போம். நானும் அப்படியே எழுதுகிறேன். இந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்ட மணிக்கூடுகளின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால் ஒன்று புலப்படும். தீர்ப்புகள் அடிக்கடி மாறியிருக்கின்றன. தீர்ப்புச் சொன்னவர்கள் அதை நினைவில் வைத்திருப்பதில்லை.

1972 இல் பாசல் நகரக் கண்காட்சியில் ஓடெமார் பிகே நிறுவனம் 'ரோயல் ஓக்' என்ற மணிக்கூட்டை வைத்தது. வரைந்தவர் ஜெரால்ட் ஜெண்டா. எட்டு மூலை கொண்ட முகவளையம். அதில் எட்டுத் திருகாணிகள் வெளியே தெரியும்படி முறுக்கப்பட்டிருந்தன. உடல் வெறும் உருக்கு, விலையோ தங்க மணிக்கூடுகளை நாணச் செய்யும் விலை. திருகாணியை மறைப்பதுதானே கைவினையின் நாகரிகம் என்று வளர்ந்த சுவிஸ் வணிகர்கள் முகம் சுளித்தார்கள். விற்பனையும் தொடக்கத்தில் மந்தமாகவே இருந்தது. இன்றோ அதே மணிக்கூட்டுக்காகச் செல்வந்தர்கள் பெயர் கொடுத்துவிட்டு வரிசையில் காத்திருக்கிறார்கள். 1993 இல் அதன் பருத்த வடிவமான 'ஓஃப்ஷோர்' வந்தபோது அதை 'மிருகம்' என்றார்கள். 2019 ஜனவரியில் அதே நிறுவனம் ஜெனீவாவில் 'கோட் 11.59' வரிசையை அறிமுகம் செய்தபோது, அதன் முகப்பு கண்ணில் விழுந்த கணத்திலேயே ஆர்வலர்கள் பரிகசிக்கத் தொடங்கினார்கள். இவையெல்லாம் கோடீசுவரர்களின் சச்சரவு. நமக்கு இதில் பெரிய அக்கறை இல்லை.

நமக்கு அக்கறை உள்ள மணிக்கூடு வேறொன்று. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் அரை நூற்றாண்டாக மணிக்கட்டுகளில் மின்னிய ராடோ டயஸ்டார். மேற்குலக ஆர்வலர் பலர் இதை அழகற்றவற்றின் பட்டியலில் தயங்காமல் சேர்ப்பார்கள். முட்டை வடிவில் கவிழ்ந்த தலைக்கவசம் போன்ற உடல்; பட்டி பிணையும் 'கொம்புகள்' வெளியே தெரியாது; கண்ணைக் கூசும் பளபளப்பு; பெரும்பாலும் மஞ்சள் நிறம். நகைக்கடைக்காரருக்கும் இயந்திரப் பட்டறைக்காரருக்கும் பிறந்த பிள்ளை என்று கேலி செய்யலாம். கேலியில் ஓரளவு உண்மையும் உண்டு.

இந்த வடிவத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. சுவிற்சர்லாந்தின் லெங்னாவ் என்ற சிற்றூரில் 1917 இல் ஷ்லூப் சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம் நெடுங்காலம் பிறருக்காக மணிக்கூட்டின் உள்ளியந்திரங்களைச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. ராடோ என்ற பெயரில் சொந்த மணிக்கூடுகளை அது விற்கத் தொடங்கியது 1950களின் பிற்பகுதியில். 1962 இல் வந்ததுதான் டயஸ்டார். கீறல் விழாத மணிக்கூடு என்பது அதன் விளம்பரம். பட்டறைகளில் உலோகம் வெட்டும் அலகுகளுக்குப் பயன்படும் தங்குதன் காபைட்டுப் பொடியை அச்சில் அழுத்தி, 1,400 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் சுட்டு, வைரத் தூளால் மெருகேற்றிச் செய்த கவசம் அது. சாதாரண உருக்கின் கடினம் விக்கர்ஸ் அளவையில் ஏறத்தாழ 200 என்றால் இது ஆயிரத்தைத் தாண்டும். அத்தனை கடினமான பொருளை நுணுக்கமாகச் செதுக்கவோ குடையவோ முடியாது. ஆகவே நெளிவும் வளைவும் தவிர்த்து, உருக்குக் கூட்டின்மேல் ஓர் எளிய ஓட்டைக் கவிழ்த்தார்கள். வடிவம் அழகியலால் வந்ததன்று, பொருளின் பிடிவாதத்தால் வந்தது.

கண்ணாடியும் அப்படியே. செயற்கை நீலக்கல். இரத்தினபுரி மண்ணில் எடுக்கும் நீலக்கல்லுக்கும் இதற்கும் அடிப்படைச் சேர்மம் ஒன்றுதான், நிறமில்லை, அவ்வளவே. இரத்தினக் கல் விளையும் நாட்டவர் ஆலையில் வார்த்த நீலக்கல்லைச் சுவிற்சர்லாந்திலிருந்து விலை கொடுத்து வாங்கிக் கையில் கட்டினோம் என்பது எனக்கு எப்போதும் ஒரு சிறு சிரிப்பைத் தரும்.

இனி வாவிக்கு வருவோம். வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனை வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் இந்த உவர்நீர்ப் பரப்பு, மாவட்டத்தை நெடுக்காக இரண்டாகப் பிரிக்கிறது. கடலோரப் பக்கம் எழுவான்கரை. வயல்வெளிப் பக்கம் படுவான்கரை. சூரியன் எழும் கரை, சூரியன் படும் கரை. உலகில் எத்தனையோ ஊர்கள் அரசர்களாலும் ஆறுகளாலும் பெயர் பெற்றிருக்கின்றன. நிலம் முழுவதும் பொழுதால் பெயர் பெற்ற இடம் இதுவன்றி வேறெது என எனக்கு நினைவில்லை. இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் மணிக்கூடு கட்டுவது நேரம் பார்க்க மட்டும் என்று நினைப்பது பேதைமை.

1960களின் தொடக்கத்திலேயே இலங்கையில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகள் வந்துவிட்டன. 1970 முதல் 1977 வரையான ஆட்சியில் அவை உச்சத்தைத் தொட்டன. துணிக்கும் பருப்புக்கும் வரிசையில் நின்ற காலத்தில் சுவிஸ் மணிக்கூட்டைப் பற்றி யார் பேசுவார்? ஊரில் ஒருவர் கையில் நல்ல மணிக்கூடு இருந்தால் அவர் அரசாங்க உத்தியோகத்தர், அல்லது காணிக்காரப் போடியார், அல்லது கொழும்பில் கடை வைத்திருந்த காத்தான்குடி வணிகர். 1977 இன் இறுதியில் திறந்த பொருளாதாரம் வந்தது. மறு ஆண்டு, 1978 நவம்பர் 23 இரவு, சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டது. நாடு முழுவதும் ஏறக்குறைய ஆயிரம் பேர் மாண்டார்கள். தென்னந்தோட்டங்கள் தரையோடு சாய்ந்தன. ஒரு தென்னம்பிள்ளை காய்க்க எத்தனை ஆண்டு என்பதைத் தோட்டக்காரரைக் கேட்டால் தெரியும். அதுவரை காத்திருக்க வயிறு இடம் தராது. 1973 இன் எண்ணெய் விலை உயர்வுக்குப் பின் வளைகுடா நாடுகள் கூலியாட்களைக் கூவி அழைத்துக்கொண்டிருந்தன. 1985 இன் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் வழி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைந்தபோது, சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் போய் வந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

திரும்பி வந்தவர்களின் கைகளைப் பார்த்தே அவர்கள் அங்கே எத்தனை ஆண்டு இருந்தார்கள் என்று சொல்லிவிடலாம் என்று எங்கள் பக்கத்தில் பேசிக்கொள்வார்கள். முதல் தவணை முடிந்து வந்தவர் கையில் சீக்கோ 5, அல்லது சிற்றிசன். கிழமையை அரபியிலும் ஆங்கிலத்திலும் காட்டும் சீக்கோக்களை இன்றும் பழைய பெட்டகங்களில் காணலாம். இரண்டாம், மூன்றாம் தவணைக்காரர் கையில் ராடோ. அதற்கு மேல் ரொலெக்ஸ் என்று ஒன்று உண்டு என்பது தெரியும். ஆனால் அது கனவுக்கும் அப்பாற்பட்டது. தெற்காசியாவும் மத்திய கிழக்கும் ராடோவின் பெருஞ்சந்தையானது இப்படித்தான். 1969 திசம்பர் 25 அன்று சீக்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை வெளியிட்டதிலிருந்து சுவிஸ் தொழில் ஆட்டம் கண்டது. 1970 அளவில் சுமார் 90 ஆயிரமாக இருந்த தொழிலாளர் தொகை, 1980களின் நடுப்பகுதியில் 30 ஆயிரமளவுக்குச் சுருங்கியது. அந்த இருண்ட ஆண்டுகளில் சுவிஸ் பட்டறைகளுக்குப் போன காசில் ஒரு துளி, எங்கள் ஊரார் பாலைவனத்தில் சிந்திய வியர்வை. ஆர்வலர்கள் எழுதும் வரலாறுகளில் இதற்கு ஒரு வரி கிடைப்பதும் அரிது.

முகப்பில் சிறு நங்கூரம் ஒன்று உண்டு. தானியங்கி ராடோக்களில் அது சிவப்புக் கல்லின்மேல் தளர்வாகப் பொருத்தப்பட்டு, கையை அசைத்தால் சுழலும். எண்ணெய் காய்ந்து நங்கூரம் நின்றால் மணிக்கூட்டைச் சுத்தம் செய்ய வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது நிறுவனத்தின் விளக்கம். நம்மவர் அதற்கு வேறு பொருள் கண்டார்கள்: நங்கூரம் ஆடினால் அசல், ஆடாவிட்டால் போலி. போலிகள் சந்தையில் குவிந்த காலத்தில் கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்த மாமன்மார் உண்டு. போலி செய்தவர்கள் பிற்பாடு நங்கூரத்தையும் ஆடவிட்டார்கள் என்பது தனிக் கதை.

மட்டக்களப்பு நகரில் மணிக்கூடு திருத்தும் முதியவர் ஒருவரிடம், இதில் அப்படி என்ன அழகு என்று ஒருமுறை கேட்டேன். கண்ணில் செருகியிருந்த உருப்பெருக்கியைக் கழற்றாமலே, "மனே, பாக்க ஆமையோடு மாதிரித்தான் கிடக்கு. ஆனாக் கீறு விழாது. ஈடு வைச்சாலும் காசு வரும்" என்றார். கீழே விழுந்தால் கண்ணாடி நொறுங்கும், ஓடும் வெடிக்கும் என்பதையும் அவரே சொன்னார். கடினமான பொருள் எல்லாம் அப்படித்தான், வளையாது, உடையும்.

ஈடு என்ற சொல்லில்தான் விடயம் இருக்கிறது. கிழக்கிலங்கையில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் மணமாகும் பெண்ணுக்கு வீடு கொடுப்பது மரபு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். இந்தத் தாய்வழிக் குடி மரபை அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே பல்லாண்டு ஆராய்ந்து 2008 இல் பெருநூலாகவே வெளியிட்டார். வீடு கட்டக் காசு வேண்டும். தந்தையும் அண்ணனும் போனார்கள்; பிறகு தாய்மாரும் அக்காமாரும் வீட்டுப் பணிப்பெண்களாகப் போனார்கள். 1990களில் இலங்கையிலிருந்து வெளிநாட்டு வேலைக்குச் சென்றவர்களில் பெண்களே பெரும்பான்மை. பிறர் வீட்டுச் சமையலறையில் நேரம் பாராது உழைத்த பெண் ஊர் திரும்புகையில் தனக்கு வாங்கி வந்தது ஒரு சோடிக் காப்பாக இருக்கலாம். புருசனுக்கோ தம்பிக்கோ வாங்கி வந்தது ராடோ. வீட்டுச் சுவர் பாதியில் நின்றபோது முதலில் ஈட்டுக்கடைக்குப் போனவை காப்பும் மணிக்கூடும். மீட்கப்பட்டவை சில, மூழ்கியவை பல. பளபளப்பு அதிகம், மஞ்சள் அதிகம் என்று முகஞ்சுளிக்கும் ஆர்வலருக்கு இந்தக் கணக்குத் தெரியாது. தூரத்திலிருந்து பார்த்தாலும் இன்னதென்று தெரியவேண்டும் என்பதற்காகவே அது வாங்கப்பட்டது. அடக்கமான அழகு, பிறந்த நாளிலிருந்தே மதிக்கப்பட்டவர்களுக்குக் கட்டுபடியாகும் சொகுசு என்பது என் கட்சி.

ஆனாலும் இதை முழுக்கப் புகழ எனக்கு மனம் வருவதில்லை. உழைத்தவள் கையில் அது ஏறவில்லை. பெண்களுக்கான சிறு ராடோக்களும் இருந்தன. எங்கள் பக்கத்தில் அவற்றைக் கட்டியவர்கள் ஆசிரியைகளும் தாதியரும்தான். வளைகுடாவில் தேய்ந்த மணிக்கட்டுகள் பெரும்பாலும் வெறுமையாகவே இருந்தன.

இந்த மணிக்கூடுகள் காட்டிய நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மின்சாரத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி 1996 மே மாதத்தில் அரசாங்கம் நாட்டின் மணிக்கூடுகளை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தது. மிச்ச அரை மணி 2006 ஏப்ரல் வரை நீடித்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இந்த மாற்றம் ஏற்கப்படவில்லை. அங்கே பழைய நேரமே. அக்காலத்தில் படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளிடம், எழுவான்கரை அரசிடம். ஆக ஒரே வாவி, இரண்டு நேரம். மண்முனையில் பாலம் வந்தது 2014 இல்தான். அதற்கு முன் கடப்பதற்கு இருந்தது 'பாதை'. (தமிழக வாசகர்கள் சாலை என்று கொள்ள வேண்டாம், ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவியைக் கடத்தும் மிதவைக்கு எங்கள் ஊரில் பாதை என்று பெயர்.) காலை ஏழரைக்குப் பாதையில் ஏறியவர் சில நிமிடங்களில் அக்கரையில் இறங்கும்போது அங்கே மணி ஏழும் சில நிமிடங்களும்தான். படைக்காவலரணில் அடையாள அட்டையைக் காட்டியவர் மறுகரையில் வேறொரு காவலரணில் பெயரைப் பதிந்தார். முள்ளைத் திருகி மாற்றுவதா வேண்டாமா என்பதற்கு ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. கூலிக்குப் போனவர் வேலை கொடுப்பவரின் நேரத்தை வைத்தார். நகரப் பாடசாலைக்கு வந்த ஆசிரியர் அரசாங்கத்தின் நேரத்தை வைத்தார். வயற்காரர் எதையும் மாற்றவில்லை. படுவான் பக்கம் சூரியன் சாய்ந்தால் அவருக்கு வேலை முடிந்தது. 2007 இல் படுவான்கரை அரச படையினர் வசமானது. அதற்கு முந்திய ஆண்டே நேரம் ஒன்றாகியிருந்தது.

2022 இல் டயஸ்டாரின் அறுபதாவது ஆண்டையொட்டி வடிவமைப்பாளர் அல்ஃபிரெடோ ஹேபர்லியைக் கொண்டு அதற்குப் புது உருக் கொடுத்தது நிறுவனம். அந்த முட்டை ஓட்டை அவர் கைவிடவில்லை. இதுகாலம் வரை இகழ்ந்த ஆர்வலர் சிலர் இப்போது அதே வடிவத்தில் துணிச்சலையும் தனித்தன்மையையும் காண்கிறார்கள். பழைய டயஸ்டார்களையும் தேடுகிறார்கள். ரோயல் ஓக்குக்கு நடந்ததுதான், சற்றுத் தாமதமாக. கொழும்பிலிருந்து பழைய மணிக்கூடு வாங்குவோர் எங்கள் பக்கத் திருத்தகங்களையும் எட்டிப் பார்க்கிறார்களாம். அங்கே மேசை இழுப்பறைகளில், திருத்தக் கொடுத்தவர் திரும்பி வராத மணிக்கூடுகள் பெயர் எழுதிய துண்டுச் சீட்டோடு கிடக்கின்றன. என்னிடம் ஈடு பற்றிப் பேசிய முதியவரிடமும் அப்படிச் சில உண்டு. சீட்டில் உள்ள ஊர்ப்பெயர்களில் பாதி படுவான்கரை ஊர்கள். நல்ல விலை கேட்டும் அவர் அவற்றை விற்கவில்லை. மாதத்துக்கு ஒருமுறை எடுத்து ஆட்டி, நங்கூரம் சுழல்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறார்.