பசியிலிருந்து உடற்பருமனுக்கு: சேலம், நாமக்கல் சமவெளியில் குடும்ப வருவாயும் பள்ளிச் சிறார் உணவும்

முன்னுரை

தமிழகப் பள்ளி உணவின் வரலாறு பசியின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மாணவரிடையே தோன்றும் உடற்பருமனுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. இதற்கான காரணத்தைச் சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

புன்செய் உணவும் அரிசியும்

1997 சனவரி 1 முதல் தனி மாவட்டமாக இயங்கிவரும் நாமக்கல், அதற்குமுன் சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. மழையை நம்பிய இப்புன்செய் நிலத்தில் சோளமும் கம்பும் கேழ்வரகும் அன்றாட உணவாயின. களியும் கூழும் உழைப்போர் வீட்டு உணவு. நெற்சோறு வசதியுடையோர்க்கும் விழா நாளுக்கும் உரியது. ஒரு குடும்பத்தின் வருவாயை அடுப்பில் வெந்த தானியமே காட்டியது. நியாயவிலைக் கடை அரிசியும் பள்ளிச் சோறும் இவ்வேறுபாட்டைப் பெரிதும் குறைத்தன.

சத்துணவும் அதன் எல்லையும்

1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு வழங்கத் தொடங்கியது. 1956இல் காமராசர் அதனை மாநிலத் திட்டமாக விரிவுபடுத்தினார். 1982 சூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1989இல் இரு வாரங்களுக்கு ஒன்றாகச் சேர்க்கப்பட்ட முட்டை, 2010இல் வாரத்திற்கு ஐந்தாக உயர்ந்தது. வயிறு நிறைவதிலிருந்து உணவின் தரத்திற்குக் கொள்கை நகர்ந்ததை இது காட்டுகிறது.

முட்டை உற்பத்தியில் நாமக்கல் மாநிலத்தின் முதன்மை மையமாகும். கோழிப்பண்ணை, லாரி, ஆழ்துளைக் கிணற்று வண்டித் தொழில்களால் வருவாய் பெருகிய குடும்பங்கள் பல தம் பிள்ளைகளைத் தனியார் பள்ளிகளில் சேர்த்தன. சத்துணவோ அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் உரியது. எனவே வசதியுடைய வீட்டுப் பிள்ளைகளின் உணவு அரசின் பார்வைக்கு வெளியே நின்றது.

வருவாயும் உடற்பருமனும்

சென்னைப் பள்ளி மாணவரிடையே அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வு, குடும்ப வருவாய் உயர்ந்த பிரிவில் மிகை எடை கூடுவதையும், உடலுழைப்பு மிகுந்தோரிடம் அது குறைவதையும் காட்டியது. வருவாய் தானே உடலைப் பருக்கச் செய்வதில்லை. அது வாங்கித் தரும் பொட்டலத் தின்பண்டம், நடையை ஒழித்த வாகனம், விளையாட்டு நேரத்தை விழுங்கும் தனிப்பயிற்சி ஆகியன வழியாகவே செயற்படுகிறது.

தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் மிகை எடையோ உடற்பருமனோ உடைய பெண்கள் 2015–16இல் 30.9 விழுக்காட்டினர், 2019–21இல் 40.4 விழுக்காட்டினர். அதே 2019–21 ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் நால்வருக்கு ஒருவர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தாயின் மிகை எடையும் குழந்தையின் வளர்ச்சிக் குறைவும் ஒரே சமூகத்தில் உடன் நிலவுகின்றன.

முடிவுரை

பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுகளை விற்பதை 2020ஆம் ஆண்டின் ஒன்றிய விதிமுறைகள் தடுக்கின்றன. அரசு, தனியார் என்ற வேறுபாடின்றிப் பள்ளி உணவை அரசு நோக்கத் தொடங்கியதன் அடையாளம் இது. எனினும் தடை மட்டும் போதாது. உயரமும் எடையும் எல்லாப் பள்ளிகளிலும் ஒரே முறையில் பதிவு செய்யப்பட வேண்டும். பசித்த பிள்ளையை மட்டுமே கணக்கிட்ட மரபு, இனி அருகிலுள்ள தனியார் பள்ளிப் பிள்ளையையும் கணக்கில் கொள்ளும்போதே இச்சமவெளிச் சிறாரின் உணவு வரலாறு முழுமை பெறும்.