தனித்தொகுதியிலிருந்து தலைவர் இருக்கைக்கு: ப. தனபாலின் அரசியல் வாழ்வு

தமிழ்நாடு சட்டப்பேரவையின் தலைவர் இருக்கையில் இதுவரை தலித்துகள் இருவர் அமர்ந்துள்ளனர். முதலாமவர் காங்கிரசைச் சேர்ந்த ஜே. சிவசண்முகம் பிள்ளை, 1946 முதல் 1955 வரை. இரண்டாமவர் அதிமுகவைச் சேர்ந்த ப. தனபால், 2012 அக்டோபர் முதல் 2021 மே வரை. இடைப்பட்ட 57 ஆண்டுகளில் ஒருவரும் இல்லை. சமூகநீதியைத் தன் அடையாளமாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு மாநிலத்தில் இந்த இடைவெளி அதிகம் பேசப்படாதது வியப்பே.

சிவசண்முகம் பிள்ளை சென்னை மாநகரத் தந்தையாக 1937இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அப்பதவியை அடைந்த முதல் தலித். அவர் பேரவைத் தலைவராக இருந்த காலத்தில் கொட்டாரமும் நாஞ்சில் நாடும் சென்னை மாநிலத்தில் இல்லை. 1956 நவம்பர் 1 அன்றுதான் இப்பகுதி தமிழகத்துடன் இணைந்தது. அதற்கு முன் திருவிதாங்கூர் மன்னராட்சியில், ஒடுக்கப்பட்டோர் சார்பாகப் பிரஜா சபையில் ஒலித்த குரல் 1911இல் நியமன உறுப்பினரான அய்யன்காளியுடையது. அதுவும் வாக்கினால் கிடைத்த இடமன்று.

சிவசண்முகம் பிள்ளையின் பணிக்காலத்தில் சட்டம் பயில்வோர் அறிய வேண்டிய நாள் ஒன்று உண்டு. இராஜாஜியின் தொடக்கக் கல்வித் திட்டத்தை, அதாவது 'குலக்கல்வி' எனப் பெயர்பெற்ற திட்டத்தைக் கைவிடக் கோரும் தீர்மானம் 1953 ஜூலையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 138, எதிர்ப்பு 138. முடிவு தலைவரின் கையில் இருந்தது. அவர் வாக்களிக்கவில்லை, எந்தத் தரப்பையும் பெரும்பான்மையாக்குவது தலைவரின் வேலையன்று என்று கருதினார். தீர்மானம் தோற்றது. அரசமைப்புச் சட்டத்தின் 189ஆம் உறுப்போ, வாக்குகள் சமமாகும்போது தலைவருக்குத் தீர்மானிக்கும் வாக்கு உண்டு என்பதோடு நில்லாமல், அதை அவர் செலுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. செலுத்தியிருந்தாலும் இருக்கும் நிலையைக் காக்கும் மரபுப்படி விளைவு இதுவாகவே இருந்திருக்கலாம். ஆயினும் தந்தையின் தொழிலைப் பிள்ளையின் பாடமாக்கும் திட்டத்தின் மீது ஒரு தலித் தலைவர் நடுநிலையைத் தேர்ந்தார் என்பது எளிதில் கடந்துபோகக் கூடிய செய்தியன்று.

தனபால் 1951இல் பிறந்தவர், அருந்ததியர். எம்.ஜி.ஆர். 1972இல் கட்சி தொடங்கியபோதே அதில் இணைந்தார். சங்ககிரியில் 1977, 1980, 1984, 2001 ஆகிய ஆண்டுகளிலும், இராசிபுரத்தில் 2011இலும், அவிநாசியில் 2016, 2021ஆம் ஆண்டுகளிலும் வென்றார். ஏழு வெற்றிகளும் தனித்தொகுதிகளில் கிடைத்தவை. 2008 தொகுதி மறுசீரமைப்பில் சங்ககிரி பொதுத் தொகுதியானதும் அவர் இராசிபுரம் சென்றதைக் கவனிக்க வேண்டும். நான்கு முறை தன்னைத் தேர்ந்தெடுத்த ஊர், தனித்தொகுதி என்ற பெயரை இழந்தவுடன் அவருக்கு உரியதாக இல்லாமல் போயிற்று. பொதுத் தொகுதியில் தலித் வேட்பாளரை நிறுத்தப் பெரிய கட்சிகள் தயங்குவதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2001இல் அமைந்த அதிமுக ஆட்சியில் அவர் உணவு அமைச்சரானார். தன் வீட்டு விருந்தில் கட்சிக்காரர்கள் உண்ண மறுத்ததை அவர் ஜெயலலிதாவிடம் சொன்னதாகவும், அதற்கு மறுமொழியாகவே உணவுத்துறை தரப்பட்டதாகவும் ஒரு செய்தி பரவலாகச் சொல்லப்படுகிறது. தலைவியின் பெருந்தன்மைக்குச் சான்றாகவே அது எப்போதும் எடுத்துரைக்கப்படும். உண்ண மறுத்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதைச் சொல்பவர் எவருமில்லை.

2011இல் துணைத் தலைவர், டி. ஜெயக்குமார் விலகியபின் 2012 அக்டோபர் 10 அன்று தலைவர். 2016இல் மீண்டும் அதே பொறுப்பு. ஜெயலலிதா இருந்தவரை அவையின் போக்கு அவரது விருப்பத்தை ஒட்டியே சென்றது; அக்காலம் குறித்து அதிகம் எழுத வேண்டியதில்லை. 2016 திசம்பரில் அவர் மறைந்த பின்னரே தனபாலின் இருக்கை மாநில அரசியலின் மையமானது.

2017 பிப்ரவரி 18. எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்கு கோரினார். திமுகவும் ஓ. பன்னீர்செல்வம் அணியும் இரகசிய வாக்கெடுப்பைக் கேட்டன, தனபால் மறுத்தார். அவையில் கைகலப்பு மூண்டது. தலைவரின் சட்டை கிழிந்தது; திமுக உறுப்பினர்கள் அவரது இருக்கையில் ஏறி அமர்ந்தனர். ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவன் என்பதாலேயே தான் குறிவைக்கப்பட்டதாகத் தனபால் கூறினார். பின்னர் திமுகவினர் வெளியேற்றப்பட்டு, 122க்கு 11 என்ற கணக்கில் அரசு வென்றது. கொட்டாரம் அடங்கிய கன்னியாகுமரித் தொகுதி அப்போது திமுகவிடம் இருந்தது. மாவட்டத்தின் மற்ற ஐந்து தொகுதிகளும் திமுக, காங்கிரஸ் வசமே. ஆகவே குமரி மாவட்டத்தின் ஒரு வாக்கு கூட அன்று பதிவாகவில்லை.

இங்கே இரண்டு செய்திகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு தலித் தலைவரின் நாற்காலியில் ஏறி அமர்வது இந்நாட்டில் வெறும் அவைக் குழப்பமாக மட்டும் பார்க்கப்படாது. அதைச் செய்தவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். இரகசிய வாக்கெடுப்பை மறுத்ததும் சட்டப்படி தாங்கக்கூடியதே. யார் எப்படி வாக்களித்தார் என்று தெரியாவிட்டால் கட்சித் தாவல் தடைச் சட்டம் எப்படி இயங்கும்? ஆனால் முதன்மை எதிர்க்கட்சியை முழுதாக வெளியே நிறுத்திவிட்டு நம்பிக்கையை அளப்பது வேறு. அந்தக் கேள்விக்குத் தலைவரின் சாதி விடையாகாது.

அடுத்த அத்தியாயம் பத்தாவது அட்டவணை பற்றியது. பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 பேர் அரசுக்கு எதிராக வாக்களித்தனர். அவர்கள் மீது தலைவர் நடவடிக்கை எடுக்கவில்லை. இரு அணிகளும் இணைந்து, 2017 ஆகஸ்ட் 21 அன்று பன்னீர்செல்வம் துணை முதலமைச்சரானார். மறுநாள் தினகரன் ஆதரவு உறுப்பினர்கள் முதலமைச்சருக்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொள்வதாக ஆளுநரிடம் கடிதம் கொடுத்தனர். அவர்களில் 18 பேர் செப்டம்பர் 18 அன்று தகுதி நீக்கம் செய்யப்பட்டனர். எதிர்த்து வாக்களித்த 11 பேருக்கு அறிவிப்பு அனுப்பவே ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். ஆளுநருக்குக் கடிதம் கொடுத்தவர்களைப் பதவியிழக்கச் செய்ய 27 நாட்கள். உயர் நீதிமன்றத்தில் 2018 ஜூன் 14 அன்று தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி தகுதி நீக்கத்தை ஏற்க, நீதிபதி எம். சுந்தர் அதை இரத்து செய்தார். மூன்றாம் நீதிபதி எம். சத்தியநாராயணன் அக்டோபர் 25 அன்று தலைவரின் முடிவை உறுதிசெய்தார். 11 பேரில் ஒருவர் கூடத் தகுதி நீக்கப்படாமலே பேரவையின் காலம் முடிந்தது.

இவ்வழக்கைப் பற்றிய விவாதங்களில் விடுபட்ட கணக்கு ஒன்று உண்டு. காலியான 18 தொகுதிகளில் எட்டு, தனித்தொகுதிகள்: பூந்தமல்லி, குடியாத்தம், அரூர், நிலக்கோட்டை, பெரியகுளம், மானாமதுரை, பரமக்குடி, ஓட்டப்பிடாரம். மாநிலத்தில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை 44. ஆக, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தனித்தொகுதிகள் 2019 மே மாத இடைத்தேர்தல் முடிவுகள் வரும்வரை, 20 மாதங்கள், உறுப்பினரின்றிக் கிடந்தன. தனித்தொகுதியால் வளர்ந்த ஒருவரின் கையெழுத்தில் இது நிகழ்ந்தது. கட்சித் தலைமையின் தயவில் வேட்புரிமை பெறுபவர் கட்சித் தலைமையை மீற இயலாது. 1932 பூனா ஒப்பந்தத்தின் கூட்டுத் தொகுதி முறையில் அம்பேத்கர் கண்ட ஆபத்து இதுவே. தனபாலைத் தனிமனிதராகப் பழிப்பதால் இது தீராது. இதே நாற்காலியில் அமர்ந்த ஆதிக்கச் சாதித் தலைவர்களும் தம் கட்சிகளை மீறியவர்களல்லர்.

2020 ஜனவரியில் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம், இயல்பான சூழலில் தலைவர் மூன்று மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றது. இவ்வதிகாரத்தை நிலையான தீர்ப்பாயம் ஒன்றிடம் ஒப்படைப்பது குறித்து நாடாளுமன்றம் சிந்திக்க வேண்டும் என்றும் கூறியது.

குமரி மாவட்டத்தின் ஆறு தொகுதிகளில் ஒன்றும் தனித்தொகுதியன்று. பட்டியல் சாதியினர் இங்கு மக்கள்தொகையில் ஏறக்குறைய 4 விழுக்காடு. கொட்டாரம் பேரூராட்சியில் வார்டு உறுப்பினராக இட ஒதுக்கீடு உண்டு; அதற்கு மேல் சட்டமன்றம் செல்ல விரும்பும் தலித் இளைஞர் ஒன்று பொதுத் தொகுதியில் கட்சியை இணங்கச் செய்ய வேண்டும், அல்லது தனபால் சென்றதைப் போல வேறு மாவட்டம் தேடிச் செல்ல வேண்டும். சட்டம் அதற்கு இடம் தருகிறது. மாநிலத்தின் எத்தொகுதி வாக்காளரும் எந்தத் தனித்தொகுதியிலும் போட்டியிடலாம்.

2021இல் அவிநாசியில் வென்ற தனபால் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தார். தலைவர் பொறுப்பு திமுகவின் மு. அப்பாவுவிடம் சென்றது. 2024 மக்களவைத் தேர்தலில் அவருடைய மகன் லோகேஷ் தமிழ்ச்செல்வனை அதிமுக நிறுத்தியது. தொகுதி நீலகிரி, அதுவும் தனித்தொகுதியே. அவர் மூன்றாம் இடம் பெற்றார்.