சிவகாசியிலிருந்து கல்கத்தா எவ்வளவு தூரம்?



வெளியூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர்கள் யாரும் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை. "ரெண்டரை மணி நேரம்தான் சார்" என்கிறார்கள். அந்தக் கணக்கில், நம் வட்டாரத்தின் தலையெழுத்தை மாற்றிய ஒரு பயணத்தை அளந்து பார்த்தேன்.

1922இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனார்கள். சகோதர முறை உறவினர்கள். வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்தால் பிழைப்பும் பொய்க்கும்.

பூகோள உருண்டையில் சிவகாசிக்கும் கல்கத்தாவுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் சுமார் 1,850 கி.மீ. மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறந்தால் 2 மணி 20 நிமிடம். இன்று மதுரையில் ஏறிச் சென்னையில் மாறினால், காத்திருப்பையும் சேர்த்து ஒரே பகலில் போய்விடலாம்.

அவர்களுக்கு அந்த நூல் பாதை இல்லை. சென்னைக்கு டாடாவின் விமானத் தபால் வந்ததே 1932 அக்டோபரில்தான். அதை விடுங்கள், 1922இல் சிவகாசியில் ரயிலே கிடையாது. விருதுநகர்–தென்காசி பாதை 1927இல்தான் வந்தது. ரயில் ஏற வேண்டுமானால் சாத்தூருக்கோ விருதுபட்டிக்கோ (இன்றைய விருதுநகர்) 20 கி.மீ.க்கு மேல் போக வேண்டும். விழுப்புரம்–திருச்சி கார்டு லைனும் அப்போது இல்லை. ரயில் தஞ்சாவூர், மாயவரம் என்று சுற்றித்தான் சென்னை சேரும். அங்கே மீட்டர் கேஜிலிருந்து இறங்கி, அகலப் பாதை வண்டியில் ஹௌராவுக்கு மேலும் 1,660 கி.மீ.

போய்ச் சேர்ந்த பிறகு எட்டு மாதம் தங்கினார்கள். குச்சி, மருந்துக் கலவை, பெட்டி, உலர்த்தல் என்று தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923இல் சிவகாசியில் தீப்பெட்டி ஆலை தொடங்கினார்கள். மழையில்லாத வறட்சி நமக்குச் சாபம். தீக்குச்சி காய்வதற்கு அதுவே வரமானது. பிறகு இருவரும் தனித்தனியே தொழில் நடத்தினார்கள். அணில் மார்க் ஒருவருடையது, காக்கா மார்க் மற்றவருடையது. 1940இல் வெடிபொருள் விதிகள் வந்தபின் பட்டாசு ஆலைகளும் பெருகின.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் ராக்கெட் வானத்தில் ஏறும். விமானத்தில் ஏற முடியாது. கைப்பையிலும் சரி, பெட்டியிலும் சரி, பயணி பட்டாசு கொண்டுபோகக் கூடாது. ரயிலிலும் தடைதான். ஆகவே கல்கத்தாவின் காளி பூஜைக்குப் போகும் சிவகாசிச் சரக்குக்கு இன்றும் லாரிதான், நாள் கணக்குதான்.

பயண நேரம் நூறு வருஷத்தில் நாள்களிலிருந்து மணிகளாகச் சுருங்கிவிட்டது. ஆனால் அந்த எட்டு மாதத்தைச் சுருக்க எந்த விமானமும் வரவில்லை. ஒரு தொழிலைக் கை பழகிக் கற்க இன்றும் அவ்வளவு காலம் வேண்டும். வேலை கற்கத் தூரதேசம் கிளம்பும் நம் பிள்ளைகளிடம், டிக்கெட் போடும்போதே இதையும் சொல்லி அனுப்புங்கள்.