ஸ்பாமுக்குள் தொலையும் கடிதங்கள்: ‘வெள்ளைப் பட்டியல்’ பற்றி அறிந்திருக்க வேண்டியவை

நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு, புலமைப்பரிசில் முடிவு, விசா விண்ணப்பத்துக்கு மேலதிக ஆவணம் கேட்கும் கடிதம் எனப் பலவும் இன்று மின்னஞ்சலில் மட்டுமே வருகின்றன. இவற்றில் ஒன்று ஸ்பாம் கோப்புறைக்குள் விழுந்துவிட்டால் கைத்தொலைபேசி ஒலி எழுப்பாது. ஜிமெயிலின் சாதாரணத் தேடலிலும் அகப்படாது. 30 நாட்கள் கடந்ததும் அது தானாகவே அழிக்கப்பட்டுவிடும். கடிதம் கிடைத்திருக்கும் என்று அனுப்பியவர் நம்பியிருப்பார். பதில் வரவில்லையே என்று இவர் காத்திருப்பார்.

வடிகட்டி ஏன் தவறுகிறது?

ஸ்பாம் வடிகட்டி கடிதத்தின் பொருளை விளங்கிக்கொள்வதில்லை, நிகழ்தகவையே கணிக்கிறது. கடிதத்திலுள்ள சொற்களைக் கொண்டு அவ்வாறு கணிக்கும் முறை, அமெரிக்க நிரலாளர் போல் கிரஹாம் 2002இல் எழுதிய கட்டுரைக்குப் பின்னர் பரவலானது. இப்போது அனுப்பும் சேவையகத்தின் நற்பெயர், உள்ளே இருக்கும் இணைப்புகள், ஏனையோர் அதே கடிதத்தை ஸ்பாம் எனக் குறித்தார்களா என்பனவும் கவனிக்கப்படுகின்றன.

ஒரு நிறுவனம் நூற்றுக்கணக்கான விண்ணப்பதாரிகளுக்கு ஒரே வாசகத்தில், ஒரு இணைப்போடு, ‘குறித்த திகதிக்கு முன் பதிலளிக்கவும்’ என்று அனுப்பும் கடிதம், தோற்றத்தில் ஸ்பாமைப் போலவே இருக்கும். முகவரியும் உங்களுக்குப் புதியதென்றால் சந்தேகம் இன்னும் கூடும்.

அனுமதிப்பது எப்படி?

‘இந்த முகவரியிலிருந்து வருவதைத் தடுக்காதே’ என்று வடிகட்டிக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் வெள்ளைப் பட்டியல்.

கடிதம் ஏற்கெனவே ஸ்பாமில் இருந்தால், அதைத் திறந்து ‘நாட் ஸ்பாம்’ என்பதை அழுத்துங்கள். அது இன்பொக்ஸுக்கு வரும்; வடிகட்டிக்கும் ஒரு பாடமாக அமையும். ஆனால் அடுத்த கடிதமும் தவறாமல் வரும் என்பதற்கு இது உத்தரவாதமல்ல.

ஜிமெயிலில் உறுதியான வழி பில்டர் அமைப்பது. இதனைக் கணினியில் செய்ய வேண்டும். செட்டிங்ஸில் ‘பில்டர்ஸ் அண்ட் புளொக்ட் அட்ரசஸ்’ பகுதிக்குச் சென்று புதிய பில்டர் ஒன்றை உருவாக்குங்கள். ‘ஃப்ரொம்’ என்ற இடத்தில் முகவரியை இட்டு, அடுத்த கட்டத்தில் ‘நெவர் சென்ட் இட் டு ஸ்பாம்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். அவுட்லுக்கில் ‘ஜங்க் ஈமெயில்’ அமைப்புகளிலுள்ள ‘சேஃப் சென்டர்ஸ்’ பட்டியலில் முகவரியைச் சேர்க்க வேண்டும்.

அலுவலக மின்னஞ்சல் என்றால், கடிதம் உங்கள் கணக்கை எட்டுமுன்னரே நிறுவனத்தின் சேவையகத்தில் தடுக்கப்பட்டிருக்கலாம். அவ்வாறான நிலையில் தகவல் தொழில்நுட்பப் பிரிவினரிடமே கேட்க வேண்டும்.

திறந்த கதவின் ஆபத்து

பட்டியலில் ஒரு முகவரியைச் சேர்ப்பது காவலாளியை விலகி நிற்கச் சொல்வதற்குச் சமம். எனவே சில விடயங்களில் கவனம் தேவை.

முதலாவது, பெயரை நம்பாதீர்கள். முழு முகவரியையும் பாருங்கள். அனுப்புநரின் பெயராக எவரும் ஒரு வங்கியின் பெயரை இட்டுக்கொள்ளலாம். ஓர் எழுத்து மாறிய போலி முகவரிகளும் உண்டு. முகவரியைக் கடிதத்திலிருந்து பிரதி செய்யாமல், நிறுவனத்தின் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் சரிபார்ப்பது நல்லது.

இரண்டாவது, ஜிமெயில், யாஹூ போன்ற பொதுச் சேவைகளின் டொமைனை முழுமையாக அனுமதிக்காதீர்கள். அங்கே எவரும் கணக்குத் திறக்கலாம்.

மூன்றாவது, நம்பிக்கையான முகவரியிலிருந்து வந்தாலும் கடவுச்சொல்லையோ ஓடிபி இலக்கத்தையோ கேட்கும் கடிதத்துக்குப் பதிலளிக்காதீர்கள். அந்தக் கணக்கே களவாடப்பட்டிருக்கலாம்.

அனுப்புபவரின் பொறுப்பு

எல்லாப் பொறுப்பையும் பெறுநரின் தலையில் சுமத்திவிட முடியாது. நாளொன்றுக்கு 5,000 அல்லது அதற்கு மேற்பட்ட கடிதங்களை ஜிமெயில் கணக்குகளுக்கு அனுப்புவோர், எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்று அடையாள உறுதிப்பாடுகளையும் வைத்திருக்க வேண்டும் என கூகுள் 2024 பெப்ரவரி முதல் கோருகிறது. சிறிய அமைப்புகளும் இவற்றைச் செய்துகொண்டால் அவற்றின் கடிதங்கள் ஸ்பாமுக்குள் விழும் வாய்ப்புக் குறையும். முக்கியமான முடிவுகளை அறிவிப்போர் மின்னஞ்சலோடு ஒரு குறுஞ்செய்தியையும் அனுப்புவது விண்ணப்பதாரிக்குச் செய்யும் பேருதவி.

விண்ணப்பம் அனுப்பும் அன்றே அந்த நிறுவனத்தின் முகவரியைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். முடிவு வரும்வரை வாரம் ஒரு தடவையாவது ஸ்பாம் கோப்புறையைத் திறந்து பாருங்கள். அலுவல் முடிந்ததும் அந்த முகவரியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.