எஸ்பெர்ன் ஸ்னாரே

எஸ்பெர்ன் ஸ்னாரே (சுமார் 1127 – 1204) மத்திய கால டென்மார்க்கைச் சேர்ந்த பிரபுவும் போர்வீரரும் ஆவார். சீலாந்துத் தீவின் மேற்குக் கரையிலுள்ள கலுண்ட்போர்க் நகரம், 1170 அளவில் இவர் எழுப்பிய கோட்டையைச் சுற்றி வளர்ந்ததாகும். ஸ்னாரே என்பது குடும்பப் பெயரன்று. விரைவானவர் எனப் பொருள்படும் பட்டப்பெயர்.

இளமை

செல்வாக்கு மிக்க ஹ்வீடெ குலத்தைச் சேர்ந்த ஆசர் ரிக் இவருடைய தந்தை. 1131 ஆம் ஆண்டு இளவரசர் குனூத் லாவார்ட் அரியணைப் போட்டியில் கொல்லப்பட்டார். சில நாட்களுக்குப் பின் பிறந்த அவருடைய மகன் வால்டமார், ஆசர் ரிக்கின் இல்லத்தில் எஸ்பெர்னுடனும் அவர் தம்பி அப்சலோனுடனும் வளர்க்கப்பட்டார். நீண்ட உள்நாட்டுப் போரின் முடிவில், 1157 இல், வால்டமார் நாட்டின் ஒரே அரசரானார். மறு ஆண்டு அப்சலோன் ரோஸ்கில்ட் நகர ஆயரானார். எஸ்பெர்னின் பிற்கால வாழ்வுக்கு இந்த வளர்ப்பு உறவே அடித்தளம்.

சகோதரர் இருவரும் இரட்டையர் என்றும், அதனாலேயே ஃபியென்னெஸ்லெவ் ஊர்த் தேவாலயத்தில் இரட்டைக் கோபுரங்கள் எழுந்தன என்றும் ஒரு கதை உண்டு. உண்மையில் எஸ்பெர்ன் மூத்தவர்.

கோட்டை நகரம்

பால்டிக் கடலின் தென்கரையில் வாழ்ந்த சிலாவிய மக்களான வெண்டியர், அக்காலத்தில் டேனியக் கரையோர ஊர்களை இடைவிடாது சூறையாடி வந்தனர். வால்டமாரும் அப்சலோனும் அவர்கள் மீது படையெடுத்ததோடு கரையோரத்தையும் அரண்செய்தனர். கிழக்குக் கரையில் அப்சலோன் அமைத்த கோட்டையிலிருந்து கோபனேகன் வளர்ந்தது. மேற்கில், பெரிய பெல்ட் நீரிணையை நோக்கிய குடாவில், எஸ்பெர்ன் கலுண்ட்போர்க்கை அமைத்தார். வெண்டியருக்கு எதிரான கடற்போர்களில் இவர் காட்டிய துணிவை வரலாற்றாசிரியர் சாக்சோ கிராமாட்டிக்கசு விவரிக்கிறார். எனினும் சாக்சோ அப்சலோனின் ஆதரவில் எழுதியவர் என்பதை மறக்கலாகாது.

ஐந்து கோபுரத் தேவாலயம்

இந்நகரின் அடையாளம், செங்கல்லால் கட்டப்பட்ட அன்னை மரியா தேவாலயம். சம நீளமுள்ள நான்கு கைகள் கொண்ட சிலுவை வடிவில் அமைந்த இதன் நடுவில் சதுரக் கோபுரமும், கைகளின் முனைகளில் எண்கோணக் கோபுரங்களும் உள்ளன. இதையும் எஸ்பெர்னே கட்டினார் என்பது மரபு. ஆனால் இது அவர் மறைவுக்குப் பின், 13 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

நாட்டார் கதையின்படி ஃபின் என்னும் பூதம் இத்தேவாலயத்தைக் கட்டித் தந்தது. வேலை முடியுமுன் தன் பெயரை எஸ்பெர்ன் கண்டறியாவிட்டால் அவருடைய கண்களும் இதயமும் தனக்கே என்பது அதன் நிபந்தனை. பூதத்தின் மனைவி பாடிய தாலாட்டிலிருந்து அவர் பெயரை அறிந்துகொண்டார். சினமுற்ற பூதம் கடைசித் தூணை எடுத்துச் சென்றதாம். கதை எவ்வாறாயினும், 1827 இல் நடுக்கோபுரம் இடிந்து விழுந்தது; 1871 அளவில் மீண்டும் கட்டி முடிக்கப்பட்டது.

இறுதிக் காலமும் பின்னரும்

1187 இல் ஜெருசலேம் சலாதீனிடம் வீழ்ந்த செய்தி டென்மார்க்கை எட்டியபோது, அரசவையில் பிரபுக்களைச் சிலுவைப் போருக்கு அழைத்து எஸ்பெர்ன் உரையாற்றினார். பல போர்களில் உயிர் தப்பிய இவர், 1204 இல் தம் மாளிகையின் படிக்கட்டிலிருந்து விழுந்து இறந்தார்.

பின்னாளில் கலுண்ட்போர்க் அரச கோட்டையாக விரிவுபெற்றது. பதவி இழந்த அரசர் இரண்டாம் கிறித்தியான் 1549 முதல் 1559 இல் இறக்கும்வரை இங்கே காவலில் வைக்கப்பட்டிருந்தார். 17 ஆம் நூற்றாண்டில் சுவீடனுடன் நடந்த போரில் கோட்டை அழிந்தது, இடிபாடுகளே எஞ்சியுள்ளன. நகரின் சின்னத்தில் தேவாலயத்தின் ஐந்து கோபுரங்கள் இடம்பெற்றுள்ளன.