கோல்டன் ரெட்ரீவர் வளர்ப்பு

கோல்டன் ரெட்ரீவர் என்பது ஸ்காட்லாந்தில் உருவான, நீண்ட பொன்னிற மயிர் கொண்ட வேட்டைத்துணை நாய் இனம் ஆகும். சுடப்பட்ட பறவைகளை நீரிலிருந்தும் புதரிலிருந்தும் சிதைக்காமல் கவ்விக் கொண்டுவருவதே இதன் தொழிலாக இருந்தது. தற்போது பெரும்பாலும் வீட்டு நாயாகவே வளர்க்கப்படுகிறது. இக்கட்டுரை கடம்பத்தூர், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி போன்ற வட தமிழகச் சமவெளிகளில் இதனை வளர்க்கும் முறையைப் பற்றியது.

வரலாறும் தோற்றமும்

பின்னாளில் டுவீட்மவுத் பிரபு எனப்பட்டவர் 1868-இல் மஞ்சள் நிற ரெட்ரீவர் ஒன்றையும் டுவீட் நீர் ஸ்பானியல் ஒன்றையும் இணைத்து இவ்வினத்திற்கு அடித்தளமிட்டார். ஆண் நாய் 56 முதல் 61 செ.மீ. உயரம் இருக்கும். எடை ஏறத்தாழ 30 கிலோ; பெண் நாய் சற்றுச் சிறியது. சாதுவான குணம் உடையது, சிறுவர்களுடன் எளிதில் பழகும். இதனைக் காவல் நாயாக எண்ணி வாங்குவோர் ஏமாற்றமே அடைவர்.

மயிரும் வெப்பமும்

இந்நாயின் மயிர் ஈரடுக்கு கொண்டது. வெளிமயிர் நீரை ஒட்டவிடாது. உள்மயிர் பஞ்சு போன்றது. கோடை வந்ததும் மயிரை அடியோடு மழித்துவிடுவது பரவலாகக் காணப்படும் தவறு. மழித்தால் தோல் நேரடியாக வெயிலில் படும். மீண்டும் வளரும் மயிர் சீரற்றுப் போவதும் உண்டு. செய்யவேண்டியது, உதிர்ந்து சிக்கிய உள்மயிரை வாரத்தில் பல முறை சீவி அகற்றுவதே. பாதம், வால், காதோரம் ஆகியவற்றில் அளவாகக் கத்தரிக்கலாம்.

நாய்க்கு மனிதரைப் போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்து, நாக்கின் ஈரத்தை ஆவியாக்கியே அது உடலைக் குளிர்விக்கிறது. கடலையொட்டிய பகுதிகளில் காற்றின் ஈரப்பதம் மிகுதியாதலால் இம்முறை சரிவரப் பயன் தருவதில்லை. கத்திரி வெயில் காலத்தில் மட்டுமன்றிப் புழுக்கமான மாலைகளிலும் ஓடவிடுதல் ஆபத்தானது.

வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்குக் குறையாத உடற்பயிற்சி தேவை. கோடையில் இதனை விடியற்காலையிலும் இரவிலும் பிரித்துத் தரவேண்டும். புறங்கையைச் சில நொடிகள் தார்ச்சாலையில் வைத்துத் தாங்க முடியாவிடில் நாயின் பாதமும் தாங்காது. தொழிற்பேட்டைகளில் ஷிப்டு முறையில் பணிபுரிவோர், இவ்வேளைகளில் வீட்டில் ஒருவராவது இருப்பாரா என்பதைக் குட்டி வாங்குமுன்னரே எண்ணிப் பார்ப்பது நன்று. பயிற்சியின்றி அடைபட்ட நாய் செருப்பையும் மெத்தையையும் கடித்துக் குதறும். அது நாயின் குற்றமன்று.

வெப்பத்தாக்கு

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 பாகை செல்சியசு வரை. கடும் மூச்சிரைப்பு, எச்சில் வடிதல், ஈறு சிவத்தல், தள்ளாட்டம் ஆகியன வெப்பத்தாக்கின் அறிகுறிகள். 41 பாகையைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நிழலுக்குக் கொண்டுசென்று, உடல் முழுதும் குழாய்நீரை ஊற்றி, மின்விசிறியின் கீழ் வைக்கவேண்டும். ஈரத்துணியால் போர்த்தி மூடக்கூடாது. அது வெப்பத்தை உள்ளேயே தேக்கும். சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை கடம்பத்தூரிலிருந்து 40 கி.மீ.க்கும் அப்பால் உள்ளது. எனவே முதலில் குளிர்வித்து, பின்னரே அருகிலுள்ள மருத்துவரிடம் கொண்டுசெல்லவேண்டும்.

உண்ணியும் மழைக்காலமும்

பழுப்பு நாய் உண்ணி, எர்லிக்கியா, பபேசியா ஆகிய கிருமிகளைப் பரப்புகிறது. அடர்ந்த மயிருக்குள் உண்ணி எளிதில் கண்ணுக்குத் தெரியாது; காதுமடலின் உட்புறத்தையும் விரலிடுக்குகளையும் நாள்தோறும் தடவிப் பார்க்கவேண்டும். இவ்வுண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் மேலன்றிச் சுவர் விரிசல்களிலேயே கழிப்பதால், நாய்க்கு மட்டும் மருந்திட்டால் போதாது. காய்ச்சல், சோர்வு, உணவில் நாட்டமின்மை, மூக்கில் இரத்தம் வடிதல் ஆகியன தோன்றினால் உடனே இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். எர்லிக்கியா நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் டாக்சிசைக்ளின் மருந்தால் குணப்படுத்த இயலும்.

வடகிழக்குப் பருவமழையின்போது ஈரமான உள்மயிருக்கு அடியில் தோல் புண்ணாகும். தொங்கும் காதுகளில் சீழ் பிடிக்கும். நனைந்தால் அடிமயிர் வரை துவட்டவேண்டும். தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். வெறிநாய்க்கடி நோய்க்குரிய தடுப்பூசியை மூன்று மாத வயதில் தொடங்கி, மருத்துவர் கூறும் இடைவெளியில் தொடர்ந்து போடவேண்டும்.

உணவு

வேகவைத்த கோழியிறைச்சி, முட்டை, சோறு ஆகியவற்றை உப்பு குறைத்துத் தரலாம். மிஞ்சிய சாம்பார் சோறு தருவது நம் வீடுகளில் இயல்பு. ஆனால் அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்திலும் கேசரியிலும் இடப்படும் உலர்திராட்சை சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடும். சாக்லேட்டும் நஞ்சே. இவ்வினம் எளிதில் பருத்துவிடும். இடுப்பு மூட்டுக் கோளாறும் இதற்கு மிகுதி. விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்படும் அளவிலேயே எடையை வைத்திருத்தல் வேண்டும்.