சென்னை வானொலியைத் தொடங்கிய சங்கம்

சென்னையில் வானொலியைத் தொடங்கியது அரசு அல்ல, நம்முடையதைப் போன்ற ஒரு சங்கம்தான். சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியில் 1924 மே மாதம் சென்னை மாகாண ரேடியோ கிளப் உருவானது. ஜூலை 31 அன்று ஒலிபரப்பும் ஆரம்பமானது. பணத் தட்டுப்பாட்டால் 1927-இல் நின்றுபோனது. ஆனால் தங்களிடம் இருந்த டிரான்ஸ்மிட்டரை கிளப்பினர் மாநகராட்சிக்கே கொடுத்துவிட்டார்கள். அதை வைத்து மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பியது. வீட்டில் ரேடியோ இல்லாதவர்களும் மெரினாவில் ஒலிபெருக்கி வழியே கேட்டார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழும்பூரில் தொடங்கியது. அதுவரை நகரத்துக்கு வானொலி கிடைத்தது அந்தக் கொடையால்தான். சங்கம் கலைந்தாலும் அதன் சொத்து ஊருக்கே பயன்பட்டது. சந்தா கட்டும் நாம் நினைவில் வைக்க வேண்டிய வரலாறு இது.